டி.வி.யின் காலில் குங்குமம்

நான் பணியாற்றி ஓய்வு பெற்ற கடையில் இன்றும் ஒரு வழக்கம் நடக்கிறது. சிறிய டி.வி. ஒன்று விற்றால், வாங்குபவர் முன்னிலையில் பெட்டியைப் பிரித்து, படத்தைச் சோதித்துக் காட்டி, மீண்டும் பெட்டியில் வைப்பார்கள். அப்படி வைக்கும்போது, டி.வி.யைத் தாங்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களில் ஒன்றோடு சிறு குங்குமப் பொட்டலம் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள். வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

கடையின் டி.வி. தளத்துக்கு இப்போது பொறுப்பாளராக இருக்கும் லதா சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் விற்பனை பழகியவர். "சார், புதுசா சேர்ந்தவங்க கேக்கறாங்க, குங்குமத்தைக் கால்ல எதுக்குக் கட்டணும்னு. ஹெட் ஆபீஸ்லயும் இது தேவையான்னு கேக்கறாங்க. எனக்குப் பாதிக் கதைதான் தெரியும். நீங்களே எழுதிக் குடுத்துட்டா படிச்சுக் காட்டிடுவேன்" என்றார்.

திருவருளால் எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. காலையில் திருவேற்காட்டுச் சிவன் கோயிலில் ஓதுதல், மாலையில் அதே கோயிலில் பிரகாரம் சுற்றுதல். இடைப்பட்ட பொழுதில் எழுதியதே இது.

என் தொடக்க ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அம்பத்தூரில் ஒரு சிறு கடையில், பின்பக்கம் பெருத்த பழைய டி.வி.க்களைச் சுமந்து மாடி ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். பிறகு ஆண்டெனா கட்டப் பழகினேன், பிறகு பேசப் பழகினேன், பேசத் தெரிந்ததால் விற்பனைக்கு வந்தேன். தட்டைத் திரைகள் வந்தபோது சுமை குறைந்தது, அச்சம் கூடியது. பழைய டி.வி. இடித்தால் சுவர்தான் உடையும். புதியதை விரலால் அழுத்தினாலே போய்விடும்.

பூந்தமல்லியில் மூன்று மாடிக் கடை ஒன்று திறந்தபோது அங்கே போனேன். அங்குதான் ஞானசிகாமணி சார் எனக்கு மேலாளராக வாய்த்தார்.

அவர் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனையில் வேத பாடம் வாசிப்பவர். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கடைக்கு வருவேன். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலைல சாமி கும்பிட்டுட்டுத்தான் வருவீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லது. கும்பிட்டுட்டு வர்றவங்க பொய் சொல்ல யோசிப்பாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று அன்று முழுவதும் எனக்கு விளங்கவில்லை.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் கடை திறந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டி.வி.யின் முதுகிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார், காய்ச்சல் பார்ப்பவர் போல. சட்டைப் பையில் மடித்த மென்துணி ஒன்று எப்போதும் இருக்கும். திரையைத் துடைக்கும் முறையை அவரே செய்து காட்டுவார். மேலிருந்து கீழாக, ஒரே திசையில், அழுத்தாமல். "துணில ஈரம் இருக்கக் கூடாது, கைல அவசரம் இருக்கக் கூடாது" என்பார். சினம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி அதே துணியால் துடைக்கத் தொடங்குவார். அவர் துடைத்து முடிப்பதற்குள் தவறு செய்தவர் தானாகவே ஒப்புக்கொள்வார்.

விலை குறைந்த டி.வி.க்கள் மாடிப்படிக்கு அருகில், கடைசிச் சுவரை ஒட்டிய ரேக்கில் இருந்தன. அந்த வரிசையை என்னிடம் ஒப்படைத்தார். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடச் சொன்னார். "வீட்டுல நின்னுக்கிட்டா பார்க்கப் போறாங்க? உட்கார வெச்சுக் காட்டுங்க" என்றார். தலைக்கு மேலிருந்த குழல்விளக்குகளில் ஒன்றை அணைக்கச் சொன்னார். மூன்றாவதாக அவர் சொன்னதுதான் முக்கியமானது.

கடைகளில் டி.வி.க்களை ஒரு தனி அமைப்பில் ஓட விடுவார்கள். அதற்குக் கடை முறை என்று பெயர். வெளிச்சமும் வண்ணமும் உச்சத்தில் இருக்கும். கிளியின் பச்சை கண்ணைப் பறிக்கும், மனிதர் முகமெல்லாம் வெளுத்துச் சிவந்து நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டு முறைக்கு மாற்றியதும் வேறு படமாகத் தெரியும். வாங்கியவர் மறுநாளே வந்து, காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று சண்டையிடுவார். பெரிய டி.வி. வரிசைகள் தலைமை அலுவலகத்தின் ஆணைப்படி கடை முறையிலேயே ஓடின. என் வரிசையை மட்டும் அவர் வீட்டு முறைக்கு மாற்றச் சொன்னார். "காசு பாத்து வாங்கறவங்க ஏமாறக் கூடாது, சிவம். அவங்க வீட்டு வெளிச்சத்துல எப்படித் தெரியுமோ அப்படிக் காட்டுங்க."

சோதனைக்கு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று முழுத் திரைக்கும் ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பார்ப்போம். எங்காவது ஒரு புள்ளி செத்திருந்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல், இருட்டு எப்படி வருகிறது என்று பார்க்க நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார் அவர். நான் ஒரு பதிவைக் கொண்டுவந்தேன். கருவறையில் ஒற்றைத் தீபம் எழுகிறது. கருங்கல் திருமேனி சிறிது சிறிதாகத் துலங்குகிறது. முதலில் தோளின் விளிம்பு, பிறகு மார்பில் எண்ணெயின் மினுக்கம், கடைசியில் திருமுகம். உயர்ந்த விலை டி.வி.யில் அந்தக் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு தெரியும். என் வரிசை டி.வி.க்களில் கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடும். அதை நான் மறைத்ததில்லை. "இருட்டு இதில் சாம்பலாகத்தான் தெரியும், விலைக்கு ஏற்றபடி" என்று சொல்லிவிடுவேன். சாம்பலையே மேனி முழுதும் பூசியவனை வழிபடுகிறவனுக்கு அதைச் சொல்வதில் வருத்தம் இல்லை. ஞானசிகாமணி சார் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவை முழுவதும் நின்று பார்ப்பார். "வெளிச்சம் வர்ற இடம் நல்லா இருக்கு" என்பார்.

இனிக் கன்னியம்மாள் அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அவர் கணவர் முனுசாமி, திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் வேன் ஓட்டுபவர். நானே பலமுறை அந்த வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஒரு நாள் இருவரும் கடைக்கு வந்து என் வரிசையின் முன்னால் நின்றார்கள்.

"சாமி, நீ இங்கதான் கீறியா? அப்ப நல்லதாப் போச்சு. முப்பத்திரண்டு இஞ்சுல ஒண்ணு காட்டு. நெட்டு வரணும்" என்றார் முனுசாமி.

"எதற்கு நெட்டு? படம் பார்க்கவா?"

"படம் எவன் பாக்கப் போறான். எம் பொண்ணு மோனிஷா போலீஸ் மாதிரி பெரிய படைல சேந்துகீது. வடக்கால டிரெய்னிங்கு. இந்த ஞாயித்துக்கெழம காலைல அணிவகுப்பு. பெத்தவங்கள வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு. டிக்கெட்டு வெயிட்டிங் லிஸ்ட்டு, கன்ஃபார்மே ஆவல. நெட்டுல நேரா காட்டுவாங்களாம்."

கன்னியம்மாள் அம்மா குறுக்கிட்டார். "போன்ல பாக்கலாம்னாரு. இவரு போனு திரை பூரா கீறலு. அதுல எம் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியுமா? ஒரு வருசமா பாக்கல சாமி" என்றார்.

அவர்களை நாற்காலிகளில் உட்கார வைத்து மூன்று டி.வி.க்களைக் காட்டினேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த அந்த மாதிரியையே துடைத்துக் கட்டித் தரலாமா என்று பக்கத்தில் நின்ற விற்பனையாளர் விளையாட்டாகக் கேட்டார். முனுசாமி அவரை முறைத்தார்.

"ஊரே தடவுன பீஸு எனக்கு எதுக்கு நைனா? பெட்டி பிரிக்காததா குடு."

எல்லோரும் அப்படித்தான். காட்சிக்கு வைத்ததைப் பார்த்துத்தான் விரும்புவார்கள், ஆனால் அதை மட்டும் வாங்க மாட்டார்கள். முத்திரையிட்ட பெட்டியைப் பிரித்துச் சோதித்துக் கொடுத்தேன். அன்றே எங்கள் ஆள் அவர்கள் வீட்டுக்குப் போய் மேசைமேல் நிறுத்தி, இணையத்தையும் இணைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை நண்பகலில் அதே டி.வி. போர்வையில் சுற்றி வேனில் திரும்பி வந்தது. இயக்கிப் பார்த்தோம். இடப்பக்கம் இருண்டு, மீதியில் செங்குத்துக் கோடுகள் ஓடின.

"மட்ட சரக்க தலைல கட்டிட்டியே சாமி. நாளைக்கு அணிவகுப்பு. உன்ன நம்பித்தான வந்தேன்?" முனுசாமியின் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது. கன்னியம்மாள் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஞானசிகாமணி சார் வந்தார். முதலில் இருவரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். டி.வி.யைக் கிடத்தாமல் நிமிர்த்தியே பிடிக்கச் சொல்லி, சிறு கைவிளக்கால் திரையின் கீழ் விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். திரைக்கும் சட்டத்துக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி இருக்கும். படத்தை இயக்கும் நுண்ணிய இணைப்புகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. அந்த இடைவெளி நெடுகிலும் மஞ்சள் படிந்திருந்தது. அவர் குனிந்து முகர்ந்தார். எனக்கும் மணம் தெரிந்துவிட்டது. சந்தனம்.

"அம்மா, நேத்து வெள்ளிக்கிழமை. பூஜை செஞ்சீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். புது டி.வி. அல்லவா. மஞ்சள் நீர் தெளித்து, திரையின் அடியில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டியிருக்கிறார். காலையில் பொட்டு வழிந்திருந்ததால், பெண்ணைப் பார்க்கும் நாளில் திரை பளிச்சென்று இருக்க வேண்டுமென்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்.

முனுசாமி மனைவியின் பக்கம் திரும்பினார். "நீதானா? ஒரு வருசமா நாளைக்கு நாளைக்குன்னு எண்ணிக்கினு இருந்தியே, உன் கையாலேயே கெடுத்துக்கினியே."

அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைய தினம் போனால் போகட்டும், இனி ஆயுள் முழுதும் இந்த ஒரு சொல் அந்த வீட்டில் அவரைத் துரத்தும் என்று எனக்குத் தோன்றியது.

ஞானசிகாமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"முனுசாமி, வேன் புதுசா வாங்கினப்ப பொட்டு வெச்சீங்களா இல்லையா?"

"வெச்சேன். அது வேன் சார்."

"வேனுக்கு வெச்சா தப்பில்ல, டி.வி.க்கு வெச்சா தப்புன்னு இவங்களுக்கு யார் சொன்னா? பெட்டிக்குள்ள ஒரு காகிதத்துல இங்கிலீஷ்ல இருக்கு. நாங்க வாயால சொல்லல. இவங்க மேல கோபம் வேண்டாம்."

ஆனால் உத்தரவாதத்தில் இது சேராது என்பதையும் சார் மறைக்கவில்லை. நீர் இறங்கிய திரையை நிறுவனம் ஏற்காது. புதுப் பெட்டி ஒன்றை மாற்றித் தர அவருக்கு அதிகாரம் இல்லை. காட்சிக்கு வைத்த மாதிரிகளின் மேல் மட்டும் இருந்தது. "அந்தச் சுவர்ல இருக்கறது உங்க டி.வி.யோட ஜோடிதான். இதை வெச்சுட்டு அதை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"வேணாம் சார். பிச்சை போடறா மாதிரி கீது. எங்க தலையெழுத்து, போன்லயே பாத்துக்கறோம்" என்று முனுசாமி எழுந்துவிட்டார். மரியாதை உடைந்த மனிதருக்குக் கொடுப்பது எளிதல்ல என்பதை அன்று பார்த்தேன்.

அவர்கள் படியிறங்கும்போது சார் என்னிடம் திரும்பினார். "சிவம், நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போகாம இருக்க முடியுமா?"

"உங்கள் ஆராதனை, சார்?"

"வேற யாராவது வாசிப்பாங்க." பிறகு படியில் இருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் குரல் சற்றே உயர்ந்தது அன்றுதான். "முனுசாமி, எதையும் எடுத்துட்டுப் போக வேண்டாம். நாளைக்குக் காலைல இங்க வந்து உட்கார்ந்து பாருங்க. அதுல ஒண்ணும் பிச்சை இல்லயே?"

முனுசாமி மேலே பார்த்தார். பதில் சொன்னவர் கன்னியம்மாள் அம்மா. "வரோம் சார்."

ஞாயிறு காலையில் ஷட்டரைப் பாதி உயர்த்தி உள்ளே போனோம். கடையில் ஒரே கருவியிலிருந்து எல்லாத் திரைகளுக்கும் படம் பிரிந்து போகும்படி அமைப்பு இருந்தது. சார் இணையத்தில் அணிவகுப்பைத் தேடி எடுத்தார். சுவருக்குச் சுவர் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஒரே மைதானம், ஒரே கொடி, எல்லாத் திசையிலும். முனுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கன்னியம்மாள் அம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தார். அவரை ஆள் உயரப் பெரிய திரைக்கு எதிரே உட்கார வைத்தோம்.

பெண்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். ஒரே சீருடை, ஒரே தொப்பி, ஒரே கைவீச்சு.

"எது நம்ம பொண்ணு?" என்று முனுசாமி திரைக்கு அருகில் போனார். "இன்னாடி இது, எல்லாம் ஒரே அச்சுல கீதுங்க. உனக்குத் தெரிதா?"

"தெரியலயே." அந்த அம்மா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "எனக்கே தெரியலயே."

படப்பிடிப்பவர் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். பெரிய திரையில் எல்லா முகங்களும் வெளுத்து, கன்னம் சிவந்து, உதட்டுச் சாயம் பூசியவை போல் தெரிந்தன. கன்னியம்மாள் அம்மா எழுந்துவிட்டார். அந்தத் திரையிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நடந்தார். எங்கும் அதே வெளுத்த முகங்கள். நான் பதறிப்போய்க் கடை முறையை மாற்றுவதற்காக ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மாடிப்படி அருகே என் வரிசைக்கு வந்துவிட்டார்.

"தோ" என்றார்.

நாங்கள் திரும்பினோம். அந்தச் சிறிய டி.வி.யில், வீட்டு வெளிச்சத்தில், கருத்த ஒரு பெண்ணின் முகம் தொப்பிக்குக் கீழே நின்றது. நெற்றியில் வியர்வை மினுங்கியது. கண் இமைக்கவில்லை. தீபம் எழும்போது கருங்கல் துலங்கும் அந்தக் கணத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். கைகள் தாமாகக் குவிந்தன.

"அதுல எல்லாம் வேற யாரோ கீறாங்க. இதுலதான் எம் பொண்ணு எம் பொண்ணு நெறத்துல கீறா" என்றார் தாய். "கறுப்பின்னு பள்ளிக்கூடத்துல அழுதுகினு வருவா. பாரு சார், எப்டி நிக்கிறா."

முனுசாமி ஓடி வந்து மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றார். முகம் மறைந்து வரிசை நகர்ந்த பிறகும் இருவரும் அந்தத் திரையை விட்டு அசையவில்லை. அணிவகுப்பு முடியும் வரை பெரிய திரைகள் யாரும் பார்க்காமல் ஓடின.

முடிந்ததும் முனுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னியம்மாள் அம்மா டி.வி.யைக் காட்டினார்.

"சார், நேத்து சொன்னீங்களே. இதையே குடுங்க."

சார் முனுசாமியைப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? எம் பொண்ணு வந்த டி.வி. இது. பெட்டி பிரிக்காதத வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றார் முனுசாமி.

அப்போதே கன்னியம்மாள் அம்மாவின் இடுப்பிலிருந்து சிறு குங்குமப் பொட்டலம் வெளியே வந்தது. அவர் விரல் திரையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. கணவரைப் பார்த்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அது அவருக்குப் பெரிய காரியம்.

ஞானசிகாமணி சாருக்கு முழங்கால் வலி உண்டு. ரேக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, டி.வி.யின் பிளாஸ்டிக் காலைத் தொட்டுக் காட்டினார். "இங்க வைங்கம்மா. தண்ணி இல்லாம, வெறும் குங்குமம்."

"கால்லயா? சாமி கோச்சிக்காதா?" என்று முனுசாமி கேட்டார்.

சார் நிமிராமல் என்னைப் பார்த்தார். அது என் துறை என்று அவர் விட்டுவிட்டது தெரிந்தது. எங்கள் அடியார்கள் திருமுகத்தைக் கண்டு உருகியது உண்டு, ஆனால் அவர்கள் போய் விழுந்ததும், பற்றிக்கொண்டதும், தலைமேல் சூடிக்கொள்ளக் கேட்டதும் திருவடியைத்தான். ஐம்பது ஆண்டுகளாக ஓதிவருகிறேன், எனக்கு இதில் ஐயம் எழ இடமே இல்லை.

"கும்பிடத் தொடங்குவதே காலில்தானே அம்மா. வையுங்கள்" என்றேன்.

அவர் வைத்தார். இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று. மறுநாள் முதல், பொட்டு வைக்கும் இடம் எது என்று வாயால் சொல்லி, குங்குமப் பொட்டலத்தைக் காலோடு கட்டிக் கொடுக்கச் சொன்னார் சார்.